ஊசியின் கால் சுற்று

நின்றுபோன எஞ்சினை ஓடவைப்பது என் தொழில். ஓடக்கூடிய எஞ்சினை ஓடவிடாமல் பிடித்து வைத்திருந்தது வாழ்க்கையில் ஒரேயொரு தடவைதான். பன்னிரண்டு நாள். அதுவும் யாரோ வாடிக்கைக்காரருடையது அல்ல, என் கூடப்பிறந்த அண்ணனுடையது. வாசித்துவிட்டு என்னைத் திட்ட நினைப்பவர்கள் சிரமப்பட வேண்டாம். அந்த வேலையை நானே ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறேன்.

புதுக்குடியிருப்பில், வீட்டு வளவின் முன்பக்கத்தில், நாலு மரத்தூணும் தகரமும் போட்ட கொட்டகைதான் என் கடை. தண்ணீர் இறைக்கும் மெசின், மருந்தடிக்கும் மெசின், புல் வெட்டும் மெசின் என்று சின்ன எஞ்சின் எல்லாம் வரும். முல்லைத்தீவுக் கரையிலிருந்து வள்ளத்து எஞ்சினையும் ஏற்றிக்கொண்டு வருவார்கள். எதையும் நான் உடனே கழற்றமாட்டேன். ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். ஸ்டார்ட் வராவிட்டால், கயிற்றை இழுக்கச் சொல்லி அந்தச் சத்தத்தைக் கேட்பேன். வருத்தம் எங்கே என்று முக்கால்வாசி அதிலேயே தெரிந்துவிடும்.

பெற்றோல் வராத காலத்தில் இந்த வன்னியில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஆட்கள் நாங்கள். நாலு சொட்டுப் பெற்றோலைக் காட்டி எஞ்சினை எழுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க் குழாயைத் திறக்க வேண்டும். எப்போது திறப்பது என்பதைச் சத்தம்தான் சொல்லும். அரை விநாடி பிந்தினால் நின்றுவிடும், பிறகு மிதித்து மிதித்துக் கால் கழன்றுவிடும். அப்போது பழகிய காது இது. "உவன்ர காது டொக்டர்மாற்ற குழாயைவிடத் திறம்" என்று சனம் சொல்லும். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது, ஏன் மறைப்பான்.

அண்ணன் கனடாவுக்குப் போய் முப்பது வருடத்துக்கு மேல். அங்கே ஒரு தொழிற்சாலையில் இரும்பு கடையும் வேலை. போன வருடம் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். மருந்து ஏற்றி ஏற்றி விரல் நுனியெல்லாம் விறைத்துப்போய், சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாத மனிதனாக, இரண்டு கிழமைக்கு எங்களிடம் வந்து நின்றார். தனியாகத்தான் வந்தார். பெட்டியைத் திறந்தால் சொக்லேட், என் மனைவிக்கு ஒரு கம்பளிச் சட்டை. வன்னி வெயிலுக்குக் கம்பளிச் சட்டை! அவள் அதை வாங்கி மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பெட்டியின் அடியில் ஒரு குளிர்காலக் காலுறை இருந்தது. அதற்குள்ளேயிருந்துதான் எஞ்சினை எடுத்தார். ஒரு கையில் அடங்கிவிடும். தேசிக்காய்ப் பருமனில் சிலிண்டர், முன்னால் ஒரு சாண் நீளமான காற்றாடி, பக்கத்தில் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிற சின்ன ஊசித் திருகாணி. விளையாட்டு விமானத்தின் எஞ்சின். யாரோ இறுகிப்போய்விட்டது என்று எறிந்ததை எடுத்து, ஒரு குளிர்காலம் முழுக்க நிலக்கீழ் அறையில் இருந்து, புதுச் சுழல்தண்டும் உள்சிலிண்டரும் தானே கடைந்து போட்டிருக்கிறார். நான் காற்றாடியைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்தேன். மேலே வரும்போது இறுக்கிப் பிடித்து, தாண்டியதும் வழுக்கிக்கொண்டு போனது. கடவுளே, என்ன வேலை! என் தொழிலில் நான் அப்படியொரு பொருத்தத்தைத் தொட்டதில்லை.

"எப்பிடி?" என்றார்.

"ஓடினாத்தானே அண்ணை சொல்லலாம்" என்றேன். பகிடிக்குத்தான் சொன்னேன். அப்போதே நல்ல வேலை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என் வாய் அவிந்தா போயிருக்கும்?

அவர் சிரித்தார். "அது சரி. ஓடினாப் பிறகு சொல்லு. இருபது வருசமா ஞாயிற்றுக்கிழமையில தனிய நிண்டு பிளேன் விட்டனான் தம்பி. வீட்டில உள்ளதுகளுக்கு இது விசர் வேலை. அங்க வெள்ளைக்காரர் நல்லம் நல்லம் எண்டுவாங்கள். அவங்கள் எதுக்கும் அப்பிடித்தான் சொல்லுவாங்கள். எனக்கு எஞ்சின் தெரிஞ்சவன்ர வாயால கேக்கவேணும். உன்ர வாயால."

அதற்காகத்தான் அவர் அத்தனை தூரம் அதைக் காவிக்கொண்டு வந்தது. விமானத்தைக் கொண்டுவரவில்லை. இங்கே ஏதாவது பறக்கவிட்டால் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். பலகையில் பூட்டி ஓட்டிக்காட்டினால் போதும் என்றார். அதற்குரிய எரிபொருளைக் கொழும்பில் இப்படிச் சாமான் விற்கும் ஒருவரிடம் வாங்கி வந்திருந்தார். மெதனோலும் ஆமணக்கெண்ணெயும் கலந்தது. "இதென்ன அண்ணை, எஞ்சினுக்கோ பேதிக்கோ?" என்று கேட்டு இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

மறுநாள் காலை கொட்டகைக்குப் பின்னால், வெட்டிய பாலைமரத்துக் குற்றியில் பலகையை அறைந்து எஞ்சினைப் பூட்டினேன். அண்ணன் ஐந்தாறு அடி தள்ளிக் கதிரையில் இருந்தார். அவர் விரல்களுக்கு ஊசித் திருகாணி பிடிபடாது. ஆகவே சொல்வது அவர், செய்வது நான். ஊசியை முழுக்க மூடி இரண்டரைச் சுற்றுத் திற. பிளக்குக்குப் பற்றரியைக் கொடு, உள்ளே கம்பி சிவக்கட்டும். காற்றாடியைத் தடியால் தட்டு. நான் தட்டினேன். மூன்றாவது தட்டில் பிடித்தது.

முதலில் புகையும் படபடப்பும். "மூடு, கால் சுத்து மூடு!" என்று அண்ணன் கத்தினார். மூடினேன். சத்தம் ஏறி ஏறிப் போய் ஒரு இடத்தில் நின்றது. அவ்வளவுதான். ஒரே சுருதி. புல் வெட்டும் மெசின் இருமும், ஏறும், இறங்கும், யாரோ ஒருவர் கையில் அது இருக்கிறது என்று தெரியும். இது அப்படி இல்லை. ஆளில்லாத சத்தம்.

வண்டு.

கடைசிச் சண்டைக் காலத்தில் இங்கே இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஆளில்லாத வேவு விமானத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது. தலைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் மணிக்கணக்காய் முரலும். அது முரன்றுவிட்டுப் போன இடத்தில் பிறகு ஷெல் விழும்.

அண்ணனைப் பார்த்தேன். கதிரையில் முன்னுக்கு வந்து, கழுத்தை நீட்டி, விறைத்த இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லப்போகும் சொல்லுக்குக் காத்திருந்தார். குசினிப் பக்கம் ஏதோ விழுந்து உருண்டது. என் கை தன்பாட்டில் போய், எஞ்சினுக்குப் பின்னால் எரிபொருள் போகும் மெல்லிய குழாயை இரண்டு விரலால் நசித்துப் பிடித்தது. நாலைந்து விநாடியில் எஞ்சின் நின்றது.

"ஏன் நிண்டது?"

"தெரியேல்லை அண்ணை" என்றேன்.

குசினிக்குள் ஓடினேன். என் மனைவி அடுப்புக் கட்டுக்குக் கீழே குப்புறக் கிடந்தாள், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு. பக்கத்தில் பானை சரிந்து அரிசி எல்லாம் சிந்தியிருந்தது. தொட்டதும் திடுக்கிட்டு எழும்பி, சேலையைச் சரிசெய்து, சிந்தின அரிசியைக் கூட்டத் தொடங்கினாள்.

"பெரியத்தானுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள். "எவ்வளவு ஆசையா வந்தவர். பாவம்."

அவ்வளவுதான் அவள் சொன்னது. பத்து நிமிடத்தில் அண்ணனுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்து, "என்ன பெரியத்தான், உங்கட எஞ்சின் எங்கட வெயிலுக்குக் களைச்சுப்போச்சோ?" என்று பகிடியும் விட்டாள். எனக்குத்தான் அன்று மத்தியானம் சோற்றைப் பிசைய முடியவில்லை. அதை அவள் கண்டாளோ தெரியாது.

வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கள் ஆட்களுக்கு நாங்கள் இந்தக் கதைகளைச் சொல்வதில்லை. யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவு இல்லை, அப்படியே பழகிவிட்டது. அதுகள் இரண்டு மூன்று கிழமைக்கு வருதுகள், கோயிலுக்குப் போகட்டும், நண்டு சாப்பிடட்டும், நல்ல மனதோடு போகட்டும். அவர்கள் கேட்டால், "ஓம், கஷ்டந்தான், இப்ப பரவாயில்லை" என்போம். நான் அண்ணனுக்குச் சொல்லாமல் விட்டதும் அந்தப் பழக்கத்தில்தான். அப்படித்தான் என்னை நானே ஏய்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தொடங்கியது என் நாடகம்.

மறுநாள் பிளக் போய்விட்டது என்றேன். அவரிடம் நான்கு மாற்றுப் பிளக் இருந்தது. வேறு ஆளாய் இருந்தால் நான்கு இருக்குமா? இவரிடம் இருந்தது! அடுத்த நாள் எரிபொருள் குழாய்க்குள் நூல் துண்டொன்றைச் செருகினேன். எஞ்சின் இரண்டு தரம் பிடித்துப் பிடித்து நின்றது. "எண்ணெய் போகேல்லை தம்பி, குழாயைக் கழட்டி ஊதிப் பார்" என்றார் கதிரையிலிருந்து. சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். அந்தக் காது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மடியில் கிடைத்தது போலும். நான் ஊதுவது போல ஊதி, நூலை உள்ளேயே விட்டு, "சுத்தமா இருக்கு அண்ணை" என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். வருத்தக்காரன் மாத்திரைகளை விழுங்கிவிட்டு, மத்தியான வெயிலில் நித்திரை கொள்ளாமல், ஒரு கொப்பியில் கோணல் எழுத்தில் பழுதுகளை எழுதி எழுதி வெட்டினார்.

முப்பத்தைந்து வருடமாகப் பழுது தேடிய மனிதன் நான். எந்தப் பழுது எப்படி இருமும் என்று எனக்குத் தெரியும். அந்த அறிவையெல்லாம் திருப்பிப் போட்டு, இல்லாத பழுதைச் செய்தேன். காற்றுப் புகட்டும் என்று பின்மூடியின் ஒரு திருகாணியைத் தளர்த்திவிட்டேன். பற்றரி வயரை ஒட்டாமல் வைத்தேன். அவர் ஒன்றைக் கண்டுபிடித்தால் நான் வேறொன்றுக்குத் தாவினேன். சீ, இதையெல்லாம் எழுதவே அருவருப்பாயிருக்கிறது.

எட்டாவது ஒன்பதாவது நாளில் அவர் என்னைச் சந்தேகப்படுவார் என்று பயந்தேன். அவர் சந்தேகப்பட்டது தன்னை.

"பிழை என்னிலதான்" என்றார் ஒரு காலையில். "சுழல்தண்டை நான் அளவு பிசகிக் கடைஞ்சிருக்கிறன். அங்க குளிருக்கு ஓடினது, இஞ்ச சூட்டுக்கு விரிஞ்சு காட்டிக் குடுக்குது. உந்த மருந்து மூளையையும் திண்டிட்டுது தம்பி. முந்தி எண்டா எனக்கு உது பிடிபட்டிருக்கும்."

"அப்பிடியில்லை அண்ணை."

"அப்ப என்ன? நீ பாக்கிறாய், உனக்கே பிடிபடேல்லை. உனக்குப் பிடிபடாத எஞ்சின் உலகத்தில இருக்கோ? வேலை பிழை. அவ்வளவுதான்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. புல் வெட்டும் மெசின் ஒன்றின் சங்கிலிக்கு எண்ணெய் விடுவது போல முதுகைத் திருப்பிக்கொண்டேன். புல் வெட்டும் மெசினுக்குச் சங்கிலி ஏது? அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

பயணத்துக்கு முதல் நாள் காலை, நான் கடையில் ஒருவரோடு கதைத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் தட்டும் சத்தம் கேட்டது. அண்ணன் தனியாகக் குற்றியடியில் குந்தியிருந்து காற்றாடியை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். தடியைப் பிடிக்க அவர் கைக்குப் பலமில்லை. ஊசியை முதல் நாளே நான் முழுக்க மூடி வைத்திருந்தேன். ஒரு சொட்டு எண்ணெய் உள்ளே போகாது. ஆனால் அவர் தட்டுகிறார், தட்டுகிறார். மூடியிருக்கிறது என்பது அவர் விரலுக்குத் தெரியவில்லை. கிட்டப் போனபோதுதான் கண்டேன், சுட்டுவிரல் கிழிந்து, காற்றாடியெல்லாம் இரத்தம். அவருக்கு அதுவும் தெரியவில்லை.

"விடுங்கோ அண்ணை!" என்று கத்திவிட்டேன். "உந்தக் கோதாரி பிடிச்ச எஞ்சினைத் தூக்கி எறியுங்கோ!"

அவர் என்னை அண்ணாந்து பார்த்தார். விரலையும் பார்த்தார். பிறகு பிள்ளை போல அந்தக் கையை என்னிடம் நீட்டினார். என் மனைவி வந்து மஞ்சளும் துணியும் வைத்துக் கட்டினாள்.

போகும்போது எஞ்சினை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். "ஆறுதலாப் பார். ஒண்டை மட்டும் மறந்திடாதை. ஓடினாலும் ஓடாட்டிலும் நாலு துளி எண்ணெய் உள்ளுக்கு விட்டுச் சுத்தி வை. மெதனோல் ஈரத்தை இழுக்கும். பெயரிங் கறள் பிடிச்சுதெண்டால் பிறகு சரி." அவரை ஏற்றிய வான் வளவுப் படலையைத் தாண்டும்வரை கட்டுப்போட்ட விரலை ஆட்டிக்கொண்டு போனார்.

நான் எண்ணெய் விடவில்லை. காலுறைக்குள் போட்டு, அலுமாரிக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாமல் எறிந்துவிட்டேன். வீட்டுக்கு வரும் எந்த அந்நியனுடைய மெசினுக்கும் நான் அப்படிச் செய்ததில்லை.

ஆறேழு மாதம் போனது. மாரி வந்து போனது. ஒரு காலை அண்ணனின் மகள் போன் எடுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து கதைக்கிறாள். அங்கே இரவு.

"சித்தப்பா, டொக்டர்ஸ் இனி ரெண்டு மூண்டு நாள்தான் எண்டு சொல்லீட்டினம். அப்பா கண் திறக்கிறதில்லை. ஆனா கதைச்சாக் கேக்குது. உங்களிட்ட ஏதோ எஞ்சின் இருக்காமே? அது திருந்தீட்டுதோ எண்டு கேக்கிறார். அந்தச் சவுண்டை ஒருக்காக் கேக்கவேணுமாம். நாளைக்கு இதே நேரம் எடுக்கட்டோ?"

"ஓம் பிள்ளை, எடு" என்றேன். வேறு என்ன சொல்ல?

அலுமாரிக்கு மேலிருந்து காலுறையை இறக்கினேன். காற்றாடியைச் சுற்றினேன். அசையவில்லை. புகை வெளிவரும் துவாரத்துக்குள் பார்த்தால் மண்ணிறமாய்க் கறள். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். கொதிதண்ணீர் ஊற்றினேன். மத்தியானம்வரை துணியைச் சுற்றிப் பிடித்து இம்மி இம்மியாய் அசைத்தேன். சுழலத் தொடங்கியபோது உள்ளே மணல் அரைபடும் சத்தம். அவர் ஒரு குளிர்காலம் முழுக்கக் கடைந்த பொருத்தம் அது. நான் தலையில் கையை வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டேன்.

மனைவி வந்து பக்கத்தில் இருந்தாள். "அப்பவே ஓடாததுதானே" என்றாள். "பெரியத்தானுக்கே சரிவராத எஞ்சினை நீங்கள் என்ன செய்யிறது?"

அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். குழாயை நசித்தது, நூல், பற்றரி வயர், மூடின ஊசி, எல்லாம். "உனக்காகத்தான்" என்றேன். "நீ அண்டைக்குக் கிடந்த கிடை எனக்குத் தாங்கேல்லை."

அவள் காற்றாடியை ஒருதரம் மெல்லச் சுற்றிப் பார்த்தாள். பிறகு, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"நான் உங்களை நிப்பாட்டச் சொன்னனானோ? பெரியத்தானுக்குச் சொல்லாதேங்கோ எண்டுதானே சொன்னனான். ஒரு நாளைக்கு மாங்குளத்துக்கு அக்கா வீட்டை போய் நிண்டிருப்பன். பஸ் ஏத்தி விட்டிருந்தாச் சரி." நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். "நான் மாங்குளத்துக்குப் போயிருப்பன். நீங்கள் எங்க போயிருப்பியள்?"

ஐயோ, அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

கடைசிச் சண்டையில், கடற்கரைப் பக்கம் மணலில் வெட்டிய ஒரு பங்கருக்குள் நாங்கள் பதினொரு பேர் இருந்தோம். விடியலிலிருந்து வண்டு மேலே நின்றது. பிளாஸ்டிக் தண்ணீர்க் கான் வெளியே, இருபது அடிக்கு அப்பால் இருந்தது. எல்லோருக்கும் நாக்கு வறண்டு போயிருந்தது. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். மெக்கானிக்கின் காது அல்லவா! "போட்டுதோ?" என்று கேட்டான் என் மனைவியின் தம்பி. இருபத்துநாலு வயது. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். காற்று கடல் பக்கம் திரும்பியிருந்தது. சத்தம் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றுதான் எனக்குத் தெரியும், போய்விட்டது என்று தெரியாது. சத்தம் இல்லை என்பதும் எஞ்சின் இல்லை என்பதும் ஒன்றல்ல என்று எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஓம், போட்டுது" என்றேன். அவன் கானை எடுக்கப் போனான், திரும்பி வரவில்லை.

இத்தனை வருடத்தில் அவள் ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அன்றும் சொல்லிக் காட்டவில்லை. எங்கே போயிருப்பீர்கள் என்று மட்டும் கேட்டாள். இரண்டு பேரும் அழுதோம். அவள் முதலில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். "இப்ப ஓட்டிப் பாருங்கோ. நான் போகேல்லை. இஞ்சயே நிக்கிறன்" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் குற்றியில் பூட்டினேன். நூல் இல்லை, தளர்ந்த திருகாணி இல்லை, ஊசி இரண்டரைச் சுற்றுத் திறந்திருந்தது. வாழ்க்கையில் எந்த எஞ்சினையும் அவ்வளவு ஆசையாக நான் தட்டியதில்லை. இருமியது. நின்றது. தட்டினேன். இருமவுமில்லை. மூடி தளர்ந்திருந்த போத்தலில் எரிபொருள் மாரி முழுக்க ஈரத்தை இழுத்துக் கெட்டிருந்தது. பெயரிங் அரைத்தது. உள்சிலிண்டரைக் கறள் தின்று அழுத்தம் போய்விட்டது. அன்று அண்ணனுக்கு நான் சொன்ன பொய்யெல்லாம் இப்போது வரிசையாக உண்மையாய் நின்றது. "ஓடு, சனியனே, ஓடு" என்று கெஞ்சினேன், திட்டினேன், கும்பிட்டேன். என் விரலும் கிழிந்தது. எனக்கு நன்றாக நொந்தது.

போன் அடித்தது.

"சித்தப்பா, அப்பான்ர காதுக்குக் கிட்டப் பிடிச்சிருக்கிறன். ரெடியோ?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கொட்டகையைப் பார்த்தேன். மூலையில், முதல் நாள் திருத்தி முடித்த புல் வெட்டும் மெசின் சாத்தியிருந்தது. இதுதான் எனக்குத் தெரிந்த வேலை, கடைசிவரைக்கும். ஸ்பீக்கரைப் போட்டு அவளிடம் போனைக் கொடுத்துவிட்டு, மெசினைத் தூக்கிவந்து, கயிற்றை இழுத்தேன். முதல் இழுவையிலேயே பிடித்தது. விசையை முழுக்க அழுத்தி, ஏறாமல் இறங்காமல் ஒரே சுருதியில் பிடித்துக்கொண்டு நின்றேன். மனைவி போனை நீட்டிப் பிடித்தபடி நின்றாள். அவள் கண் மூடியிருந்தது. காதைப் பொத்தவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. போனுக்குள்ளே ஏதோ முனகல். விசையைத் தளர்த்தினேன்.

"கூடப் போகுது…" என்றது அண்ணனின் குரல். சாம்பல் குரல். "எண்ணெய் கூடப் போகுது தம்பி. ஊசியைக் கால் சுத்து மூடு."

அந்த மெசினில் அப்படித் திருப்ப வெளியே ஊசி ஏது? விசையை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சத்தத்தை ஏற்றினேன்.

"இப்ப எப்பிடி அண்ணை?"

மனைவி போனை என் காதோடு ஒட்டிப் பிடித்தாள். பிறகு, "ம்… இப்ப சரி" என்றார். "எப்பிடி… என்ர வேலை?"

"நல்ல வேலை அண்ணை" என்று கத்தினேன், மெசின் சத்தத்துக்கு மேலாக. "இப்பிடியொரு வேலையை நான் என்ர கையால தொட்டதில்லை. சத்தியமா அண்ணை. நல்ல வேலை."

அது மட்டும் பொய் இல்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்கு அதைச் சொன்னேன் பாருங்கள்.

பிள்ளை அழுகிற குரலில் ஏதோ சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அண்ணன் அதற்கு மறுநாள் போய்விட்டார். அன்று போனை வைத்த பிறகும் மெசினை நிற்பாட்ட எனக்குக் கை வரவில்லை. மனைவிதான் வந்து என் விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டாள். குற்றியில் அவருடைய எஞ்சின், காற்றாடியில் என் இரத்தத்தோடு, பூட்டியபடி இருந்தது.

"பெரியத்தானுக்குத் தெரிஞ்சிருக்குமோ?" என்று கேட்டாள்.

கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தேன். கால் சுற்று வித்தியாசத்தை ஐந்தடிக்கு அப்பால் இருந்து பிடிக்கிற காது அது. இரண்டு மூன்று நாளில் சாகப்போகிறவனின் காதும் அதுதான். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், பதிலுக்கு.

"எனக்குத் தெரியேல்லை" என்றேன்.

அன்றைக்குப் பங்கருக்குள்ளும் நான் அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும்.